பட்டிப்பூவும் அம்மாவின் கொப்பியும்

குருமண்வெளித்துறையில் பாதைக்குக் காத்து நிற்கும்போது என் கண் ஆட்களின் முகத்துக்குப் போவதில்லை, கால்களுக்குப் போகும். எங்கள் பக்கத்தில் பாதை என்றால் நடக்கிற பாதை அல்ல. மட்டக்களப்பு வாவியின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஆட்களையும் சைக்கிள்களையும் மோட்டார் சைக்கிள்களையும் சுமந்துபோகும் மிதவைக்குத்தான் அந்தப் பெயர். சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. நான் படுவான்கரைக்காரி, ஊர் மண்டூர். பாதையில் ஏறும் பலகை எப்போதும் ஈரமாகத்தான் கிடக்கும். அதில் ஒவ்வொரு காலும் எப்படிப் பதிகிறது, குதிக்கால் முதலில் படுகிறதா, செருப்பு காலோடு கூடவே எழும்புகிறதா என்று பார்ப்பேன். முப்பது வருடம் தாண்டிய பழக்கம்.

போன கிழமை எனக்கு முன்னால் அந்தப் பலகையில் ஏறியது ஏழு வயதுப் பெண்பிள்ளை. எங்கள் ஒழுங்கையில்தான் வீடு. தலையில் துணித்தொப்பி, தொப்பிக்குக் கீழே முடியில்லை. இரத்தப் புற்றுநோய்க்கு ஊசி போட்டுக்கொண்டு வருகிறாள். தாய் என்னைக் கண்டதும் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினாள்.

“டீச்சர், உங்கட அம்மாட கொப்பிய ஒருக்காத் தாங்களன். ஆஸ்பத்திரியில தந்த தாள்ல எல்லாம் இரிக்கி. வாசிச்சா மனசில நிக்குதில்ல.”

அந்தக் கொப்பி என் தம்பியின் கணக்குக் கொப்பி. முதல் மூன்று பக்கங்களில் அவனுடைய கூட்டல் கணக்குகள், சதுரக் கோடுகளை மீறி வளர்ந்த பெரிய பெரிய இலக்கங்களில். நாலாம் பக்கத்திலிருந்து அம்மாவின் எழுத்து. அம்மா ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். பென்சிலை நாக்கில் தொட்டு எழுதியிருப்பார் போல, சில எழுத்துகள் கறுத்தும் சில மங்கியும் இருக்கும். வரிகள் எல்லாம் ஒரே சொல்லில் முடியும்.

ஊசி ஏறக்குள்ள கை எரிஞ்சா உடனே சொல்லு. தாடை நொந்தா சொல்லு. ரெண்டு நாள் வெளிக்குப் போகாட்டி சொல்லு. விரல் விறைச்சா சொல்லு. கால் இடறினா சொல்லு. வேற மருந்து குடிச்சா சொல்லு. காய்ச்சல் காய்ஞ்சா விடியுமட்டும் பாத்திராத, சொல்லு.

ஒரே ஒரு வரி மட்டும் வேறு மாதிரி முடியும். அதைப் பிறகு சொல்கிறேன்.

சொல்லு, சொல்லு என்று எழுதிய அம்மா வாழ்நாளில் அதிகம் பேசாதவர் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் நெஞ்சை அடைக்கிற விசயம். மண்டூர் முருகன் கோயிலைச் சின்னக் கதிர்காமம் என்பார்கள். அங்கே பூசை செய்கிற கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் பூசை செய்வார். மந்திரமும் இல்லை, சத்தமும் இல்லை. அந்தக் கோயில் வாசலில் வளர்ந்த அம்மாவுக்கு வாய் திறக்காமல் இருப்பதுதான் மரியாதை. கடவுளுக்கு முன்னால் மட்டுமில்லை, டாக்குத்தருக்கு முன்னாலும் அப்படித்தான். டாக்குத்தர் கேட்டால் “ஒண்டுமில்ல ஐயா, நல்லாத்தான் இரிக்கான்” என்பார்.

1993இல் தம்பிக்கு ஆறு வயது, எனக்குப் பதினாலு. முதலில் காலில் நீலநீலமாகக் கண்டல்கள். விழுந்திருப்பான் என்றோம். பிறகு விட்டுவிட்டுக் காய்ச்சல், பல் விளக்கினால் முரசில் இரத்தம். இரத்தம் குத்திப் பார்த்ததும் மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். பாதையில் வாவியைக் கடந்து, களுவாஞ்சிக்குடிக்குப் போய், அங்கிருந்து பஸ். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கே முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். வழிநெடுக இறங்கி ஏறி, பையைத் திறந்து காட்டி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி நடக்கிற சண்டைக் காலம் அது. நான் அம்மம்மாவோடு ஊரில் நின்றுவிட்டேன். வாட்டில் நடந்தவை எல்லாம் அம்மா வந்து சொன்னவை, அல்லது சொல்லாமல் கொப்பியில் எழுதி வைத்தவை.

அம்மாவுக்குச் சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. பக்கத்துக் கட்டிலில் ஒரு மகளை வைத்துக்கொண்டு இருந்தவர் காத்தான்குடி முஸ்லிம் பெண். கணவர் கொழும்பில் துணி வியாபாரம் செய்த நாட்களில் அவரும் கூட இருந்து சிங்களம் பழகியவர். 1990இல் நடந்த கொலைகளுக்குப் பிறகு எங்கள் ஊர்களுக்கும் அவர்களுடைய ஊர்களுக்கும் இடையில் பேச்சே அறுந்து கிடந்தது. இரண்டு பக்கமும் செத்த வீடுகள். அந்த வாட்டில் அந்தப் பெண்தான் அம்மாவின் வாயாக இருந்தார். அம்மா அவரை ராத்தா என்று கூப்பிட்டார். தாதி மிஸ்ஸி சொல்வதை ராத்தா தமிழில் சொல்ல, அம்மா கணக்குக் கொப்பியில் எழுதினார். எழுதி முடித்ததும் ராத்தா திருப்பி வாசிக்கச் சொல்வாராம். “எழுதினாப் போதா தங்கச்சி. சொல்லோணும். புள்ள சொல்லாட்டி நீ சொல்லோணும்.”

மருந்தின் பெயர் வின்கிறிஸ்டின். அம்மா அதை “வின்கிஸ்ரி” என்று எழுதியிருக்கிறார். தண்ணீர் போலத் தெளிந்த மருந்து. பிள்ளையின் உயரமும் நிறையும் பார்த்து, உடலின் மேற்பரப்பைக் கணக்கிட்டு அளவு முடிவு செய்வார்கள். பெரியவர்களுக்குக்கூட ஒரு தடவைக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் பெரும்பாலும் கொடுப்பதில்லை. தம்பிக்கு வந்தது ஒரு மில்லிலீற்றர் சொச்சம்தான். அவ்வளவு தூரம் பயணப்பட்டு வந்தது இந்த ஒரு துளிக்கா என்று அம்மா ஏங்கிப்போனாராம். கிழமைக்கு ஒன்றாக நாலு கிழமை, கூடவே குளிசைகளும் வேறு ஊசிகளும். பிறகு இடைவெளி விட்டு இரண்டு மூன்று வருடத்துக்குத் தொடரும். இன்றைக்குப் பாதையில் ஏறிய அந்தப் பெண்பிள்ளைக்குப் போகிற மருந்துகளிலும் இது ஒன்று. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பது. வசதியுள்ள நாடுகளில் இந்த வகை இரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேர் வரை இன்று பிழைக்கிறார்கள். 1960களின் தொடக்கத்தில் பத்துக்கு ஒருவர் பிழைத்தாலே பெரிய காரியம்.

கொப்பியின் முதல் வரி கை எரிவதைப் பற்றியது. இந்த மருந்து இரத்த நாளத்துக்குள் மட்டுமே போகவேண்டும். நாளத்துக்கு வெளியே கசிந்தால் சுற்றியுள்ள தசை வெந்ததுபோலப் புண்ணாகிவிடும். ஊசி ஏறும்போது எரிந்தாலோ, குத்தினாலோ, அந்த இடம் வீங்கினாலோ அந்த நிமிசமே சொல்லவேண்டும். ஊசி முடியட்டும் என்று பல்லைக் கடித்திருக்கக் கூடாது. கெட்டிக்காரப் பிள்ளை அழமாட்டான் என்று நாங்கள் பழக்கி வைத்திருக்கிறோமே, அந்தப் பழக்கம் இங்கே ஆகாது. வீட்டுக்கு வந்த பிறகு சிவந்தாலும் திரும்பிப் போகவேண்டும். வீக்கம் என்றதும் ஐஸ் வைக்கத்தான் எல்லோருக்கும் கை போகும். இந்த மருந்துக்குக் குளிர் கூடாது, இளஞ்சூட்டு ஒத்தடம்தான் சரி. அதையும் ஆஸ்பத்திரியில் கேட்டுத்தான் செய்யவேண்டும்.

இரண்டாவது ஊசி முடிந்து ஊருக்கு வந்தபோது அம்மா ஒரு செய்தியோடு வந்தார். “இந்த மருந்து எங்கட பட்டிப்பூவிலதான் எடுக்கிறதாம்.”

பட்டிப்பூ! எங்கள் வேலியோரத்தில் கேட்பாரில்லாமல் பூப்பது. ஊதாவும் வெள்ளையும். ஆடு தின்னாது, மாடு தின்னாது, தண்ணீர் ஊற்றவேண்டாம். வாவிக்கரை மயானத்து மணலில் பாய் விரித்ததுபோலப் பூத்துக் கிடக்கும். தமிழ்நாட்டில் நித்தியகல்யாணி என்றும் சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வதாக நான் வாசித்தது பல வருடத்துக்குப் பிறகு. ஒரே செடிக்கு நித்தியகல்யாணி என்றும் சுடுகாட்டு மல்லி என்றும் பெயர் வைத்த சனங்களை நினைத்து அன்றைக்கு நெடுநேரம் புத்தகத்தை மூடி வைத்திருந்தேன்.

செடியின் பிறந்த இடம் மடகஸ்கார். அங்கிருந்து வெப்பநாடுகள் எங்கும் பரவிவிட்டது. போன இடமெல்லாம் சனங்கள் சீனி வருத்தத்துக்கு அதை அவித்துக் குடித்திருக்கிறார்கள், ஜமைக்காவிலும் அப்படித்தான். 1952இல் ஜமைக்காவிலிருந்த ஒரு வைத்தியர் கொஞ்ச இலைகளைக் கனடாவுக்குத் தபாலில் அனுப்பிவைத்தார். ஒன்ராரியோவில் றொபேட் நோபிள் என்ற விஞ்ஞானி அதை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சீனி இறங்கவில்லை. எலிகளின் வெள்ளை இரத்த அணுக்கள்தான் விழுந்தன. தேடியது கிடைக்கவில்லை என்று தூக்கிப் போடாமல், ஏன் விழுந்தது என்று கேட்டார். அவரும் சார்ள்ஸ் பியரும் பிரித்தெடுத்த வின்பிளாஸ்டின் 1958இல் வெளியே தெரியவந்தது. அமெரிக்காவில் எலி லில்லி கம்பனியார் அதே செடியிலிருந்து வின்கிறிஸ்டினை எடுத்தார்கள். 1963இல் அங்கே அது பாவனைக்கு வந்தது. ஒரு கிராம் மருந்துக்குப் பல நூறு கிலோ காய்ந்த இலை வேண்டும். தமிழ்நாட்டின் தெற்கு மாவட்டங்களில் மழையை நம்பிய காணிகளில் இதைப் பயிராகவே செய்து ஏற்றுமதி செய்கிறார்கள். எங்கள் மயானத்தில் சும்மா கிடக்கிறது.

இவை எதுவும் அம்மம்மாவுக்குத் தெரியாது. மகள் சொன்ன ஒரு வசனம் போதுமாக இருந்தது. அடுத்தநாள் விடிய, நான் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடும்போது அடுப்பில் மண்சட்டி. ஒரு கை நிறைய இலையும் பூவும் வேரும் போட்டு மூன்று ஒன்றாக வற்றவைத்துக்கொண்டிருந்தார். “ஊசியால சொட்டுச் சொட்டா ஏத்துறத நாம கோப்பையில குடுப்பம். புள்ள கெதியாச் சுகப்படட்டும்.” அம்மம்மா சொன்னது அன்பு. அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

அம்மா கிணற்றடியிலிருந்து வந்தார். சட்டியைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் சீலைத் தலைப்பால் பிடித்துத் தூக்கிக்கொண்டுபோய் வேலிக்கு அப்பால் ஊற்றினார். பிறகுதான் கொப்பியை எடுத்துவந்து அம்மம்மாவின் முன்னால் குந்தியிருந்து வாசித்தார். வேற மருந்து குடிச்சா சொல்லு. கொப்பியை மூடிவிட்டு, “பட்டிப்பூ அவிச்சுக் குடுக்கப்படா” என்றார். ராத்தாவின் வாப்பா சீனிக்கு இதைக் குடித்தவராம். அதனால் ராத்தாதான் முந்திக்கொண்டு டாக்குத்தரிடம் கேட்டிருக்கிறார். அந்தச் செடிக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட சேர்மானங்கள் இருக்கின்றன. பல நஞ்சு. வின்கிறிஸ்டின் அதில் மிகச் சொற்பம்தான். அவித்த சட்டியில் எது எவ்வளவு இருக்கிறதென்று எவராலும் சொல்லமுடியாது. ஊசியால் போகிற அளவை மில்லிகிராமில் வெட்டிப் பார்க்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது: காக்கிற அளவுக்கும் கெடுக்கிற அளவுக்கும் இடையில் இடைவெளி அவ்வளவு ஒடுக்கம். பூஞ்சண நோய்க்குக் கொடுக்கும் சில குளிசைகள்கூட இந்த மருந்தை உடம்பில் தேங்கவைத்து நரம்பைப் பழுதாக்கிவிடும். பக்கத்து டிஸ்பென்சரியில் இருமலுக்கு மருந்து வாங்கினாலும், பிள்ளைக்கு இந்த ஊசி போகிறது என்பதைச் சொல்லித்தான் வாங்கவேண்டும்.

தாடை நோவு அவனுக்கு முதல் ஊசிக்கு மூன்றாம் நாளே வந்தது. பல்வலி என்று நினைத்துக் கிராம்பு வைத்தார்கள். பிறகுதான் அது மருந்தின் வேலை, தானாகப் போய்விடும் என்று தெரிந்தது. வயிறுதான் அதிகம் படுத்தியது. இந்த மருந்து குடலின் நரம்புகளையும் சோரவைக்கும். நாலு நாள் வெளிக்குப் போகாமல், வயிறு முட்டி, சாப்பிடமாட்டேன் என்று சுருண்டு கிடந்தான். கேட்டால் போனேன் என்பான். ஆறு வயதுப் பிள்ளைக்கும் வெட்கம் இருக்கிறது. அதற்குப் பிறகு அம்மா நாள்தோறும் கொப்பியில் ஒரு கோடு போடுவார், போன நாளுக்குக் கோடு, போகாத நாளுக்கு வட்டம். மலத்தை இளக்கும் பாணி மருந்தை ஆஸ்பத்திரியிலேயே கொடுத்தார்கள். நிறையத் தண்ணீர், பப்பாசி, கீரை. பின்பக்கமாக மருந்து வைப்பது, சவர்க்காரத் துண்டு வைப்பது எல்லாம் கேளாமல் செய்யக் கூடாது. இரத்த அணுக்கள் குறைந்த பிள்ளைக்கு ஒரு சின்னக் கீறலும் கிருமிக்கு வாசலாகிவிடும்.

செருப்பு.

நாலாவது ஊசிக்குப் பிறகு ஊருக்கு வந்திருந்தான். பாதையால் இறங்கி வீட்டுக்கு நடந்து வருகிறோம். அவன் முன்னால், நான் பின்னால். ஈர மணல். நீல நிற இரட்டைப்பட்டி றப்பர் செருப்பு. அவன் வலது காலைத் தூக்கினான். கால் மட்டும் போனது, செருப்பு மணலிலேயே கிடந்தது. அவன் நிற்கவில்லை. குனிந்து பார்க்கவில்லை. ஒரு காலில் செருப்போடும் மறு கால் வெறுங்காலோடும் அப்படியே நடந்துபோனான். சிப்பி ஓடுகள் சிதறிக் கிடக்கிற இடம் அது. அதில் மிதித்தும் முகம் சுளிக்கவில்லை. நான் செருப்பை எடுத்துக்கொண்டு ஓடிப்போய், “கண் தெரியல்லயா? புதுச் செருப்புத் துலைஞ்சா ஆரு வாங்கித் தாற?” என்று ஏசினேன். அவன் தன் காலைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். “கழண்டது தெரியல்லக்கா” என்றான்.

அந்த வசனத்தை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. கொப்பி எனக்கு மனப்பாடம். விரல் விறைச்சா சொல்லு, கால் இடறினா சொல்லு. செருப்புக் கழன்றால் சொல்லு என்று அதில் இல்லையே! இரண்டு கிழமை அப்படியே போனது. அதற்குள் அவன் சட்டைப் பொத்தான் போட என்னிடம் வரத் தொடங்கினான். நடக்கும்போது பாதம் தரையில் பட்டென்று அறைந்தது. அடுத்த தடவை போனபோதுதான் டாக்குத்தர் அவனைக் குதிக்காலில் நிற்கச் சொல்லிப் பார்த்தார். அவனால் முடியவில்லை.

உயிரியல் படிக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு அது விளங்கியது. ஒரு கலம் இரண்டாகப் பிரியும்போது உள்ளே மெல்லிய நூல்களைத் திரிக்கிறது. அந்த நூல்கள்தான் நிறமூர்த்தங்களை இரு பக்கமும் இழுத்துப் பங்கு வைக்கும். வின்கிறிஸ்டின் அந்த நூலைத் திரிக்க விடாது. வலை இழுக்கிறவன் கையில் கயிறு இல்லாததுபோலப் புற்றுக் கலம் பாதி வழியில் நின்று செத்துப்போகும். ஆனால் நரம்புகளுக்குள்ளும் அதே நூல்கள்தான் சாமான் சுமக்கும் வழிகள். உடம்பில் மிக நீண்ட நரம்பு பாதத்துக்குப் போவது. ஆகவே முதலில் பாதம் சோர்கிறது, பிறகு கைவிரல். நேரத்தோடு சொன்னால் அளவைக் குறைப்பார்கள், தள்ளிப் போடுவார்கள், கால் பயிற்சி கொடுப்பார்கள். பெரும்பாலும் மாதங்கள் எடுத்துத் திரும்பிவிடும். பரம்பரையாகக் கால் நரம்பு பழுதாகும் நோயுள்ள குடும்பங்கள் முதல் ஊசிக்கு முன்னமே அதைச் சொல்லவேண்டும், அவர்களுக்கு இந்த மருந்தே கொடுப்பதில்லை.

அம்மா என்னை ஏசவில்லை. கொப்பியில் ஒரு வரி கூட்டி எழுதினார். செருப்பு கழண்டா சொல்லு. அந்தக் கொப்பியில் எனக்காக எழுதிய வரி அது ஒன்றுதான்.

காய்ச்சல் வரியையும் நாங்கள் ஒரு இரவு தாண்டியிருக்கிறோம். 38 பாகைக்கு மேல் போனால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். இரவில் பாதை ஓடாது. மாமா தோணியில் வெள்ளைத்துணி கட்டிய கம்பொன்றை நட்டு, லாம்பு வைத்து, தம்பியை அம்மாவின் மடியில் படுக்கப்போட்டு வாவியைக் கடத்தினார். நான் கரையில் நின்றேன். லாம்பு வெளிச்சம் சின்னதாகிச் சின்னதாகிப் போனதும், தண்ணீரில் சவள் விழும் சத்தமும் மட்டும்தான் நினைவில் இருக்கிறது.

ஒரு வரி வேறு மாதிரி முடியும் என்றேனே, அது இது: முதுகு ஊசி போடுற நாள் எது எதெண்டு கேளு. இந்த நோய் மூளைப் பக்கம் ஒளியாமல் இருக்க முள்ளந்தண்டுக்குள்ளும் ஒரு மருந்து போடுவார்கள். அது வேறு மருந்து. வின்கிறிஸ்டின் தவறி முள்ளந்தண்டுக்குள் போனால் உயிர் தப்புவது மிக அரிது. உலகத்தின் பல இடங்களில் அப்படி நடந்திருக்கிறது. 2007இல் உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விட்டு, சிறிய சிறிஞ்சியில் எடுக்காமல் சிறிய சேலைன் பையில் கலந்து நாளத்துக்குள் ஏற்றச் சொன்னது. பையைப் பார்த்து ஒருவரும் முதுகு ஊசி என்று மயங்கமாட்டார்கள் அல்லவா? அந்த எச்சரிக்கைக்குப் பதினாலு வருடம் முன்னமே, ஐந்தாம் வகுப்புப் படித்த ஒரு பெண், வாய் கட்டிப் பூசை செய்யும் ஊரிலிருந்து போனவர், ஒவ்வொரு முறையும் மருந்தைக் காட்டி “இது கையிக்கா, முதுகுக்கா?” என்று சைகையால் கேட்டிருக்கிறார். மிஸ்ஸி ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டு சிட்டையைத் திருப்பிக் காட்டியிருக்கிறார்.

மகரகம ஆஸ்பத்திரிக்கு இப்போது அபேக்ஷா என்று பெயர். எதிர்பார்ப்பு, நம்பிக்கை என்று அர்த்தம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும் புற்றுநோய்ப் பிரிவு வந்துவிட்டது. வாவியைக் கடக்க மண்முனையில் 2014இல் பாலம் திறந்தார்கள். எங்கள் துறையில் இன்னும் பாதைதான் ஓடுகிறது.

2002இல் சண்டை நின்றபோது அம்மா முதல் வேலையாக ஒரு முட்டி எருமைத் தயிரை எடுத்துக்கொண்டு காத்தான்குடிக்குப் போனார். நானும் போனேன். விலாசம் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. ராத்தா கதவைத் திறந்து, அம்மாவைப் பார்த்து, அம்மாவுக்குப் பின்னால் நின்ற தம்பியைப் பார்த்தார். பதினைந்து வயது, மீசை அரும்பியிருந்தது. அவனுடைய கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவருடைய மகள் இல்லை. 1994இலேயே போய்விட்டாள். நாங்கள் அன்றைக்கு அங்கேதான் பகல் சாப்பிட்டோம். அம்மா அன்றைக்குப் பேசியதைப்போல எந்த நாளும் பேசியதில்லை.

தம்பி இப்போது களுவாஞ்சிக்குடியில் தோணி எஞ்சின் திருத்துகிறான். பிள்ளைகள் இரண்டு. வலது பாதம் களைத்தால் இன்னும் கொஞ்சம் இழுபடும். பின்பட்டி வைத்த செருப்புத்தான் போடுவான். அம்மா போய் ஆறு வருடம். அவரை வாவிக்கரை மயானத்தில் வைத்தோம். பட்டிப்பூ யாரும் நடவில்லை, தானாக வந்துவிட்டது.

பாதை அக்கரையில் தட்டியது. தாய் சாமான்களைத் தூக்கப் போனாள். நான் பிள்ளையின் கையைப் பிடித்து இறக்கினேன். பலகையில் குதிக்கால் முதலில்தான் பட்டது. செருப்பும் கூடவே எழும்பியது. எனக்கு மூச்சு வந்தது. அப்போது அவள் என் சீலையைப் பிடித்து இழுத்தாள். குனிந்தேன். காதுக்குள் சொன்னாள்.

“டீச்சர், நான் மூணு நாளா வெளிக்குப் போகல்ல. அம்மாக்குச் சொல்லல்ல.”

“எனக்குச் சொன்ன நீ கெட்டிக்காரி மகள். வா, அம்மாக்கிட்டயும் ரெண்டு பேருமாப் போய்ச் சொல்லுவம்.”

கைப்பையில் கொப்பியும் பேனையும் இருந்தன. கொப்பியைத் திறந்து, தம்பியின் கோடுகளும் வட்டங்களும் முடிந்த பக்கத்துக்கு அடுத்த வெள்ளைப் பக்கத்தில் மூன்று வட்டம் போட்டு, தாயிடம் நீட்டினேன்.